படுக்கையோரக் குறிப்புகள்

"ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?" என்று கேட்டால் வார்டில் முக்கால்வாசிப் பேர் "தூங்குனேன் சிஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். காலையில் வந்து அக்கறையாக விசாரிக்கிறவளிடம் போய்க் குறை சொல்வானேன் என்ற எண்ணம். அதே ஆளிடம், எத்தனை மணிக்குக் கண் அசந்தது, எப்போது முழிப்புத் தட்டியது, எதனால் முழித்தீர்கள், திரும்பத் தூக்கம் பிடித்ததா என்று கேட்டால் வேறு சங்கதி வெளியே வரும். ஒருவர் இரண்டு மணிக்கு மூச்சு முட்டி எழுந்து, கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். இருதயம் தளர்ந்துபோனவர்களுக்கு அப்படி வரும். இன்னொருவர் ஒன்றுக்குப் போகவே ஐந்தாறு தடவை எழுந்திருப்பார். சர்க்கரையா, புராஸ்டேட்டா என்று பார்க்க வேண்டிய ஆள். இரண்டு பேரும் முதலில் சொன்னது "தூங்குனேன்" என்றுதான்.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய 'நோட்ஸ் ஆன் நர்ஸிங்' புத்தகத்தில் நோயாளியைக் கவனிப்பது பற்றித் தனி அத்தியாயமே உண்டு. பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கிறார்கள் என்பது அதில் அவருடைய பெரிய குறை. நல்ல தூக்கமா என்று கேட்காமல், எத்தனை மணி நேரம், இரவில் எந்தப் பொழுதில் என்று கேட்கச் சொல்கிறார். புதிதாக வரும் மாணவிகளுக்கு முதல் நாள் பாடமாக இதைத்தான் வைக்கிறேன். உடற்கூறும் மருந்துக் கணக்கும் பிறகு வரட்டும்.

*

1984-இல் அமெரிக்காவில் பெக்மன், ஃப்ராங்கெல் என்ற இருவர், மருத்துவரும் நோயாளியும் பேசுவதை ஒலிப்பதிவு செய்து அளந்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கே புகுந்துவிட்டார். 74 சந்திப்புகளில் 17-இல்தான் நோயாளி சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தார். பேசவிட்டால் நிறுத்தமாட்டார்கள், வேலை கெடும் என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்வதுண்டு. அதையும் அளந்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் செய்து 2002-இல் வெளியான ஆய்வில், குறுக்கிடாமல் விட்டபோது நோயாளிகள் சராசரியாக 92 விநாடி பேசினார்கள். முக்கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் இரண்டு நிமிஷத்துக்குள் தாங்களே முடித்துக்கொண்டார்கள்.

இரண்டு நிமிஷம். நாற்பது கட்டிலுக்கு ஒரே சிஸ்டர் நிற்கிற நைட் டியூட்டியில் அதுவும் பெரிய செலவுதான், தெரியும். ஆனால் அட்மிஷன் நேரத்தில் அந்த இரண்டு நிமிஷத்தைக் கொடுத்தால், பிறகு ஒவ்வொரு ஷிஃப்டிலும் அரைகுறையாகக் கேட்டு வீணாகிற நேரம் மிச்சம்.

*

நம் ஊர் நோயாளி தேதி சொல்லமாட்டார். "திருவிழாவுக்குக் காப்புக் கட்டுன அன்னிக்கு", "மகளைப் புருஷன் வீட்ல விட்டுட்டு வந்த மறுநாள்", "நாத்து நடவுக்கு முன்னாடி" என்பார். கதை பேசுகிறார் என்று மாணவிகள் வெட்டிவிடுகிறார்கள். அந்தக் கதைக்குள்தான் நோய் ஆரம்பித்த நாள் இருக்கிறது. காலண்டரைப் பார்த்து நாள் கணக்கிட்டுக்கொள்வது நம் வேலை. மகளை விட்டுவிட்டு வந்த மறுநாள் என்று ஒரு அம்மா சொன்னால், சாப்பாடு இறங்காததற்கு இன்னொரு காரணமும் கூடவே கிடைக்கிறது.

*

இங்கிலாந்தில் ஹாம்ப்டனும் அவருடைய சகாக்களும் 1975-இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். புதிதாக வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்த 80 பேர். அவர்களில் 66 பேருக்கு, கேட்டறிந்த விவரத்தை வைத்து மருத்துவர் சொன்ன முடிவே கடைசிவரை நின்றது. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அதற்குப் பிறகு எவ்வளவோ வளர்ந்துவிட்டன. ஆனாலும் எந்த ஸ்கேன், எந்த ரத்தம் என்று முடிவாவது இன்னமும் வாய்மொழியை வைத்துத்தான்.

*

கூட வந்தவர் இருக்கிறாரே, அவர் பெரிய பிரச்சினை. பெரிய உதவியும் அவரே. மருமகளுக்கு எங்கே வலிக்கிறது என்று மாமியார் சொல்வார். அப்பாவுக்குப் பசிக்கிறதா என்று மகன் சொல்வான். அந்த நேரம் நோயாளி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். பக்கவாதம் வந்து பேச்சுப் போனவருக்கு, வலிப்பு வந்து நினைவில்லாதவருக்கு, குழந்தைக்கு, கூட இருந்து பார்த்தவர் சொல்வதை விட்டால் வேறு வழியில்லை. மற்றவர்களுக்கு முதல் கேள்வி நோயாளியைப் பார்த்துத்தான் போக வேண்டும், அதுவும் பெயரைச் சொல்லி.

பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டியவை உண்டு. மாதவிலக்கு எப்போது வந்தது, வெள்ளைப்படுகிறதா, முன்பு கரு கலைந்ததா, வீட்டில் யாராவது கை நீட்டுகிறார்களா. புருஷனை வைத்துக்கொண்டு இதைக் கேட்பதும் கேட்காமல் விடுவதும் ஒன்றே. வார்டில் தனியறை கிடையாது. "அண்ணே, ஓ.பி. சீட்டுல பேரு தப்பா இருக்கான்னு கவுண்டர்ல கொஞ்சம் பாத்துட்டு வந்துருங்க" என்று அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்கிற சிஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஐந்து நிமிஷத்தில் கையில் இருக்கும் தழும்புக்குக் காரணம் வந்துவிடும். மருந்து ஒத்துக்காமல் வந்த தழும்பு என்றுதான் அதுவரை கேஸ் ஷீட்டில் இருந்திருக்கும்.

வாழ்க்கை வெறுத்துப்போய் வந்தவர்களிடம், சாகணும்னு தோணுதா என்று நேராகக் கேட்கப் பயப்படுகிறார்கள். கேட்டால் அந்த நினைப்பை நாமே விதைத்ததாகிவிடுமோ என்ற பயம். அப்படி ஆவதில்லை. கேட்டதும் பெரும்பாலும் ஒரு பெருமூச்சு வரும், பிறகு பேச்சு வரும்.

*

"சுகர், பிரஷர் இருக்கா?" "இல்லைங்க." இது கேஸ் ஷீட்டில் அப்படியே ஏறுகிறது. மறுநாள் பார்த்தால் பைக்குள் மெட்ஃபார்மின் அட்டை. பொய் சொன்னார் என்று கோபப்படுவதில் அர்த்தமே இல்லை. மாத்திரை போட்டுக் கட்டுக்குள் வந்துவிட்டது, ஆகவே இல்லை என்கிறார். அவர் கணக்கில் அது உண்மை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு பலருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெயர் தெரியாது, எதற்கென்றும் சில பேருக்குத் தெரியாது. "தினம் என்னென்ன மாத்திரை போடுறீங்க? காலையில எத்தனை, ராத்திரி எத்தனை? அட்டையைக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். நாட்டு மருந்து, லேகியம், மெடிக்கலில் சொல்லி வாங்கின வலி மாத்திரை எல்லாம் மாத்திரைக் கணக்கிலேயே வராது. தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் விழுங்கிய அந்த வலி மாத்திரைதான் சில பேருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கும்.

*

அறுவடை நேரம். விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். பதினேழு, பதினெட்டு வயதுப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். கூட அம்மா. "ராத்திரி புரோட்டா தின்னான், ஒத்துக்கல போலருக்கு" என்றார். ஒரு தடவை வாந்தி. காய்ச்சல் இல்லை. வயிறு மெத்தென்று இருந்தது. எங்கே அழுத்தினாலும் கூடுதலாக நோகவில்லை. வலியோ பலமாக இருந்தது.

அன்று டியூட்டியில் இருந்த மூத்த சிஸ்டர் அவன் முகத்தைப் பார்த்தபடியே நின்றார். பதில் சொல்லும்போது பையன் முகவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். இமை கருவிழியைப் பாதி மறைத்திருந்தது. "தூக்கக் கலக்கம்மா" என்றார் தாய்.

"ராத்திரி எங்கப்பா படுத்திருந்தே?"

"களத்துலதான் சிஸ்டர். நெல்லுக்குக் காவல்."

"கட்டில்லயா, கீழயா?"

"கீழ, சாக்கை விரிச்சு."

தலையை அசைக்காமல் தன் விரலை மட்டும் பார்க்கச் சொல்லி விரலை மேலே உயர்த்தினார். கண் போனது, இமை ஏறவில்லை. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். பன்னிரண்டில் நின்றான். படுத்தபடி தலையைத் தூக்கச் சொன்னார். தலை ஒரு விரற்கடை எழும்பி விழுந்தது. உடம்பெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தும் கடிவாய் எதுவும் தெரியவில்லை. அவர் டாக்டருக்குப் போன் செய்து சொன்ன முதல் வாக்கியம், "சார், கட்டுவிரியன் மாதிரி இருக்கு, தரையில படுத்த பையன்."

கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. பல் பட்ட தடமே தெரியாமலும் போகும். வயிற்று வலி, பிறகு இமை தொங்கல், பிறகு விழுங்க முடியாமை, கடைசியில் மூச்சுத் தசை ஓய்ந்துவிடும். அந்தப் பையனுக்கு விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள். மூச்சு தளர்ந்ததும் குழாய் போட்டு, பையை அழுத்திக்கொண்டே 108-இல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வந்தான்.

புரோட்டா என்ற பதிலோடு நின்றிருந்தால் அவனுக்கு வயிற்று வலி ஊசி போட்டுப் படுக்க வைத்திருப்பார்கள். நான் மாணவிகளுக்கு இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது பாம்பைப் பற்றிக் கடைசியில்தான் சொல்வேன். அந்த சிஸ்டர் பேசிக்கொண்டே முகத்தைப் பார்த்தார், பார்த்ததிலிருந்து அடுத்த கேள்வியை எடுத்தார். விசாரிப்பு தனி, உடம்பைப் பார்ப்பது தனி என்று பாடத்திட்டத்தில் இரண்டு அத்தியாயமாக இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் அது ஒரே வேலை.

*

டிபிஆர் சார்ட்டில் என்னை மிகவும் வருத்துவது மூச்சு எண்ணிக்கை. வரிசையாக எல்லோருக்கும் 20. நிமோனியாக்காரருக்கும் 20, நாளை வீட்டுக்குப் போகிறவருக்கும் 20. யாரும் எண்ணவில்லை என்று அந்தத் தாளே சொல்லிவிடுகிறது. உடம்பு கெட்டுப்போகும்போது ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே பெரும்பாலும் மூச்சு கூடிவிடும். பிரிட்டனில் 2012-இல் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் கொண்டுவந்த 'நியூஸ்' மதிப்பெண் முறையில் மூச்சு எண்ணிக்கைக்குத் தனி மதிப்பெண். நிமிஷத்துக்கு 25-ஐத் தொட்டால் அது ஒன்றுக்கே 3.

எண்ணுவதற்கு ஒரு வழி இருக்கிறது. நாடி பார்த்து முடித்ததும் கையை எடுக்காமல், மணிக்கட்டைப் பிடித்தபடியே நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும். மூச்சை எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். குழந்தைகளுக்குச் சட்டையைத் தூக்கிவிட்டு, அழாத நேரத்தில், முழுதாக ஒரு நிமிஷம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கும் மேலே போனால் வேக மூச்சு. "பிள்ளைக்கு இளைப்பா?" என்று தாயிடம் கேட்பதோடு விட்டுவிடக் கூடாது, பால் குடிக்கும்போது விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறதா என்றும் கேட்க வேண்டும்.

*

பி.பி. பார்க்கும்போது பேச்சுக் கொடுப்பது நம் வழக்கம். அன்பாகத்தான் செய்கிறோம், ஆனால் பேசினால் அளவு கூடும். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார வைத்து, காலைக் குறுக்கே போடாமல், கையை இருதய மட்டத்தில் எதன் மேலாவது தாங்கி வைத்து, வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். பருமனான கைக்குச் சின்ன கஃப் கட்டினால் இல்லாத பிரஷர் வரும். நிறைய வார்டுகளில் ஒரே அளவு கஃப்தான் இருக்கிறது. பெரிய கஃப் கேட்டு இண்டெண்ட் போடுங்கள், வரும்வரை திரும்பத் திரும்பப் போடுங்கள்.

*

நம் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியவை. படுக்கைப் புண்ணின் முதல் நிலை தோல் சிவத்தல் என்கின்றன. கறுத்த முதுகில் சிவப்பை எங்கே பார்ப்பது? புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சுற்றிலும் உள்ளதைவிட அந்த இடம் சூடாகவோ, கெட்டியாகவோ, பொதபொதவென்றோ இருக்கும். தொட்டால் முகம் சுளிப்பார். இடுப்புக்குக் கீழே முதுகு முடிகிற இடம், குதிகால், காது மடலின் பின்புறம் மூன்றையும் தினம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். சர்க்கரைக்காரர் என்றால் விரல் இடுக்கும் பாதத்தின் அடியும் சேர்ந்து.

நீலம் பாரித்ததை உதட்டில் தேடாமல் நாக்கிலும் உதட்டின் உள்பக்கத்திலும் தேட வேண்டும். மஞ்சள் காமாலைக்குக் கண்ணின் வெள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சோகைக்கு நகம் பார்ப்பார்கள். மருதாணி வைத்த கையில் ஒன்றும் தெரியாது. கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். பல்ஸ் ஆக்ஸிமீட்டரையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி நல்ல அளவு காட்டியும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தெரிந்தது. 94 என்று எண் மின்னும்போதும், தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுகிறவரைப் பார்த்தால் அந்த எண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

*

வலியைப் பூஜ்ஜியம் முதல் பத்து வரை சொல்லச் சொல்கிறோம். படித்தவர் சொல்லிவிடுவார். வயல் வேலை செய்த ஆயாவிடம் கேட்டால் "பத்தா? என்ன பத்து?" என்பார். "வந்த அன்னிக்கு இருந்த வலி முழுசா ஒரு ரூபா. இப்ப எவ்வளவு மிச்சம்? பாதியா, முக்காலா, கால் ரூபாயா?" என்று கேட்டுப் பார்த்தேன், பளிச்சென்று பதில் வந்தது. "முக்கால் இருக்கு. ஊசி போட்டா அரையாவுது. விடியக்காலம் மறுபடி முழுசா வந்துருது." ஊசியின் பலன் எப்போது தீர்கிறது என்பது வரை அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

நெஞ்சில் வலி என்று வருகிறவர் "வாயு" என்பார். வீட்டில் இஞ்சி, ஓமம், சோடா எல்லாம் பார்த்துவிட்டு வந்திருப்பார். நாமும் வாயு என்று எழுதிவிடக் கூடாது. அமுக்குதா, குத்துதா, எரியுதா? நடந்தா கூடுதா? இடது கைக்கோ தாடைக்கோ ஓடுதா? வேர்த்துச்சா? சர்க்கரை உள்ளவருக்கு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். திடீரென்று இளைப்பும் வேர்வையும் மட்டும் சொன்னாலும் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும்.

*

"குடிப்பீங்களா?" என்றால் "எப்பவாச்சும்." கண்டிக்கிற குரலில் கேட்டால் அந்த பதில்தான் வரும். "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க? வழக்கமா ஒரு நாளைக்குக் குவாட்டரா, ஆஃபா? ஒரு நாள் விட்டா கை நடுங்குமா?" தினம் குடித்தவர் கால் எலும்பு முறிந்து வந்து படுக்கிறார். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வேர்வை, நடுக்கம், இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது, கட்டிலை விட்டு இறங்கி ஓடுவது. ரகளை பண்ணுகிறார் என்று கட்டிலோடு கட்டிப்போடுகிறார்கள். குடி நின்றதால் வருகிற அந்தப் பிதற்றல் உயிருக்கே ஆபத்தானது. அட்மிஷன் அன்றே நேரம் கேட்டு எழுதியிருந்தால் மருந்து முன்கூட்டியே ஆரம்பித்திருக்கலாம்.

*

1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த நினைவுநிலை அளவு 3 முதல் 15 வரை. அதில் பேச்சுக்கு முழு மதிப்பெண் கொடுக்க, ஆள், இடம், பொழுது தெரிகிறதா என்று பார்க்கிறோம். தேதி என்ன என்று எண்பது வயதுப் பாட்டியைக் கேட்டு, தெரியவில்லை என்றதும் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள் மாணவிகள். அவர் நல்ல நினைவோடு இருக்கும்போதும் தேதி தெரியாதவர். என்ன தமிழ் மாசம், ஆடி வந்துருச்சா, இப்ப காலையா சாயங்காலமா, பக்கத்துல நிக்கிறது யாரு என்று கேளுங்கள். காது கேட்கிறதா, கண்ணாடி போட்டிருக்கிறாரா, பல்செட்டைக் கழற்றி வைத்திருக்கிறாரா என்று அதற்கும் முன்னால் பாருங்கள்.

*

நர்ஸ் குறிப்பில் "நோயாளி நலமாக உள்ளார்" என்று எழுதுவதை என் மாணவிகளிடம் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து அடுத்த ஷிஃப்டுக்கு ஒன்றும் தெரியாது. "வலது பக்கம் திரும்பிப் படுத்தா இழுத்துப் பிடிக்குது என்கிறார், நேற்று இரவு 11 மணியிலிருந்து, இரவு சாப்பாடு மூன்று வாய், மூச்சு 26" என்று எழுதினால் டாக்டர் ஓடி வருவார். அவர் சொன்னது அவர் வாயால் சொன்னபடி, நாம் பார்த்தது எண்ணோடும் நேரத்தோடும்.

ஹேண்ட் ஓவரை மேஜையில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து வாசிக்காமல், கட்டில் கட்டிலாக நின்று கொடுங்கள் என்று சொல்லி வருகிறேன். "இவருக்கு ராத்திரி வலி இல்லை" என்று நாம் சொல்லும்போது, "இல்ல சிஸ்டர், ரெண்டு மணிக்கு வலிச்சுது, உங்களை எழுப்ப வேணாம்னு இருந்துட்டேன்" என்று அவரே திருத்துவார். திருத்தியதை அங்கேயே, இரண்டு பேரும் நிற்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த வேளை மருந்தின் நேரத்தை மாற்றச் சொல்லி டாக்டரிடம் கேட்க வேண்டியதும் வரப்போகிற சிஸ்டரின் பொறுப்பு.